விட்டுப்போன ஒற்று

12.2.2003, புதன்

மாமல்லபுரத்தில் கூடப்போகும் வெளிநாட்டுக் கட்சி ஒன்றின் ஆட்களை வரவேற்று நோட்டீஸ் அடிக்க, உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் இன்று என் அச்சகத்துக்கு வந்தார். அவர்களுடைய கொள்கையையும் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். 'வந்தேறிகளைத் துரத்துவோம்' என்ற வரியில் டைப் அடிக்கும் மல்லிகாவின் கை நின்றுவிட்டது.

"இன்னா சார், எங்க அண்ணன் அவங்க நாட்லதான் ஓட்டல்ல வேலை செஞ்சிகினு கீறான். அங்க வந்தேறின்னா அவன்தானே? அவனைத் துரத்துறவங்களுக்கு நாமளே மாலை போடணுமா? நான் அடிக்க மாட்டேன்."

பிரமுகர் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

என்ன துணிச்சல் அந்தப் பெண்ணுக்கு! அவளுக்கு முன்பே அந்த வரியை நான் படித்தேன். 'வந்தேறிகளை' என்பதற்குப் பின் 'த்' விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்துத்தான் அவளிடம் கொடுத்தேன்.