ரூட்டரை மாற்றியது நான்தான்

அன்பு மகள் யாழினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே குளிர் இறங்கிவிட்டது என்றாய், நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கம்பெனியில் குழந்தைகள் பனியன் ஆர்டர் ஓடுகிறது. அடிக்கடி போனில் பேசுகிற மனுசன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நாலு தடவை வாயெடுத்தேன் அம்மிணி, நாலு தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

போன வருடம் வந்தபோது, நெதர்லாந்தில் இருந்தபடியே வீட்டோடு சேர்ந்த நம் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து டிசைன் போட, வீட்டு ரூட்டரில் விபிஎன் என்று வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழி வைத்துவிட்டுப் போனாய். இதை யாரும் தொடாதீங்க, மாத்தறதா இருந்தா எனக்குச் சொல்லுங்கப்பா என்று சொல்லியிருந்தாய். ஐப்பசியில் உன் அத்தை மகன் தரணீதரன் கேபிள் நெட் தொழில் ஆரம்பித்து, மொதல் கனெக்சன் மாமா ஊட்டுக்குத்தானுங்க என்று வெற்றிலை பாக்கோடு வந்து நின்றான். மறுக்க முடியவில்லை. லைனையும் ரூட்டரையும் மாற்றிவிட்டுப் போனான். என் போனில் வீடியோ ஓடியது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை உன்னால் உள்ளே வர முடியவில்லை. எதையாவது மாத்தினீங்களாப்பா என்று கேட்டாய். நீ கோபித்துக்கொள்வாய் என்று இல்லை என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு நீ ஆபீஸ் வேலை பார்க்கும் நாகஜோதியை வைத்துக்கொண்டு ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னாய், விளக்கு எரிகிறதா பார்க்கச் சொன்னாய், ரூட்டர் செட்டிங்குக்குள் போகச் சொன்னாய், பாஸ்வேர்டு தப்பு என்று வந்தது. யாரோ ரீசெட் பண்ணிருக்காங்க என்றாய். அந்தப் புள்ள தூசி தட்டும்போது கை பட்டிருக்கும் என்று சொன்னது நான். என் வாயால் சொன்னேன். ஸ்பீக்கரில் நீ அவளைத் திட்டியது டைலர்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. சரிங்கக்கா என்று மட்டும் சொன்னாள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. நீ இரண்டு வாரம் லீவு நாளெல்லாம் அதோடு மல்லுக்கட்டினாய், சாம்பிள் தாமதமானது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தரணீதரனிடம் கேட்டேன். எங்க லைன்ல நூறு ஊட்டுக்கும் ஒரே நெட் அட்ரஸ்தானுங்க மாமா, உள்ள இருந்து வெளிய போலாம், வெளிய இருந்து உள்ள வர வழி கெடையாதுங்க என்று சாதாரணமாகச் சொன்னான். அன்றே பழைய லைனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அருள்புரத்தில் நாகஜோதி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா செல்லத்தாய் நாற்காலி போட்டார், எனக்கு உட்காரத் தோன்றவில்லை. தப்பு என் பேரில்தான் என்று நின்றபடியே சொன்னேன். அந்தப் பெண் நிமிராமலே, எனக்கு அன்னைக்கே தெரியும் முதலாளி, பெட்டியே வேற, அக்காட்ட சொல்லத்தான் வாயெடுத்தேன், நீங்க கதவுகிட்ட நின்னு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தீக, அதப் பாத்துட்டு எப்படிச் சொல்றது என்றாள். இந்த வயதில் ஒரு பெண்பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள், நான் அவள் மானத்தை டைலர்கள் முன்னால் வாங்கினேன். வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம். திரும்பக் கூப்பிட்டேன், வேண்டாம் என்றாள். நான் தொடலைன்னு அக்காட்ட மட்டும் சொல்லிருங்க என்றாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்று டீ நேரத்தில் மெஷின்களை நிறுத்தி டைலர்களிடமும் சொல்லிவிட்டேன். டம்ளரை வைத்துவிட்டு ஒவ்வொருவராக மெஷினுக்குப் போனார்கள். உன் அம்மாவிடம் அதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன், இரண்டு நாளாகச் சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை.

பழைய லைனும் ரூட்டரும் வியாழக்கிழமை மாட்டியாயிற்று, நீ உள்ளே வரலாம். அதற்கு முன்னால் நாகஜோதிக்கு ஒரு போன் போடு, அவள் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உன் பேரிலும் தப்பில்லை, நீ அப்பாவை நம்பினாய், அவ்வளவுதான். அவளிடம் பேசிய பிறகு, மனசு வந்தால் என்னோடு பேசு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாயிருக்க வேண்டும் கண்ணு.

உன் அப்பா,
ஆறுச்சாமி