ருசி பார்க்காத தேநீர்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? சுங்கை பெசார் கடையில் நோன்புக் கூட்டம் எப்படி?

நான் நலம். இந்தச் சீனக் குளிரில் விடியுமுன் தனியாகச் சஹர் சாப்பாட்டுக்கு எழுவதுதான் அலுப்பாக இருக்கிறது. நேற்று பண்பாட்டு வகுப்பில் தேநீர்ப் பரீட்சை. போட்டவரே ருசி பார்த்துவிட்டுத்தான் ஆசிரியைக்கு ஊற்ற வேண்டும். எனக்கு நோன்பென்றதும் அவர் திகைத்துப்போனார். நோன்பு மாதத்தில் கடையில் தே கலக்கும்போது, "கலரப் பாத்தாலே தெரியும்லா" என்பீர்களே, அப்படியே நிறம் பார்த்து ஊற்றினேன். குடித்துவிட்டு, "யாரிடம் கற்றாய்?" என்று கேட்டார். "எங்கள் வாப்பாவிடம்" என்றேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கஞ்சி மசாலா கொடுத்துவிடுங்கள். இன்னொன்று. கடிகார நேரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், ஆனால் இங்கே பொழுது ஒரு மணி நேரம் முந்திச் சாய்கிறது. பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்துவிட்டு, சோற்றை மூடி வைத்துவிடுகிறேன். ஏழேகாலுக்கு வீடியோவில் அழைத்து, போனைத் தே மேசையில் சாய்த்து வையுங்கள். உங்களுக்குப் பேச நேரமில்லாவிட்டால் பரவாயில்லை. இப்போது வகுப்புக்கு ஓட வேண்டும். இரவு நம் ஊரில் பாங்கு சொன்னதும் உங்களோடு சாப்பிட்டுக்கொள்கிறேன்.

மகள்,
சுமையா