பின்பாதி என்கிட்ட இருக்கு

தம்பிக்கு,

மூணாம் பாகத்தை நேத்து படிச்சு முடிச்சுட்டேன்டா. மந்திர அரசனோட சுரங்கத்துல அடிமைகளா இருந்த அக்காவும் தம்பியும் கடைசியில என்ன ஆனாங்கன்னு சொல்ல மாட்டேன்.

முதல் பாகம் ஞாபகம் இருக்கா? யார் முதல்ல படிக்கறதுன்னு நாம அடிச்சுக்கிட்டதுல, அம்மா காய் நறுக்குற கத்தியாலயே புத்தகத்தை ரெண்டாக்கிட்டாங்க. பின்பாதி உனக்கு வந்தது. அப்புறம் மாத்திக்கிட்டோம். கதையில அவங்க அம்மா சாகுற பக்கத்துக்கு நான் வர்றப்போ, நீ டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்துல உட்கார்ந்தே.

வீட்டை வித்த அன்னைக்கு நாம கோபத்துல பேசினதைப் பத்தி இதுல எழுதலை.

இந்த மூணாம் பாகத்தையும் ரெண்டாக்கிட்டேன். முன்பாதி இதோட வருது. பின்பாதியைத் தபால்ல அனுப்ப மாட்டேன். ரோஷம் பார்க்காம இங்கே வந்து படி. எந்தப் பக்கத்துல டீ போடணும்னு எனக்குத் தெரியும்.

உன்
அக்கா