பெருங்காய டப்பா போட்ட சத்தம்

நேற்று ஒருவர் ரிப்பேருக்கு ஒரு பழைய பெடலைக் கொண்டுவந்தார். காலால் அழுத்தினால் கிடார் சத்தத்தைக் கரகரக்க வைக்குமே, அந்தப் பெட்டி. "ஜாக்கிரதை சார், ஒரிஜினல் ஃபாரின் பீஸ்" என்றார். திறந்து, சூடான சால்டரிங் இரும்பை உள்பக்கத் தகரத்தில் வைத்தேன். கப்பென்று பெருங்காய வாசனை எழுந்தது. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டதடா.

தொண்ணூறுகளில் ஃபாரின் பெடலை நாம் படத்தில்தான் பார்த்திருந்தோம். ரிச்சி தெருவில் டிரான்சிஸ்டர் பொறுக்கிவந்து, மயிலாப்பூரில் உன் வீட்டில் உட்கார்ந்து, நீ தகர டப்பாவுக்குள் பெடல் கட்டினாய். டப்பா உன் அம்மாவுடையது. "பெருங்காயம் காகிதத்துல கெடக்கு, டப்பா கச்சேரி பண்ணிண்டிருக்கு! நன்னாயிருக்குடா இந்த ஆத்துல நடக்கறது!" என்று கத்துவார். புளி போட்டுத் தேய்த்தும் வாசனை போகாது. சிந்தாதிரிப்பேட்டைக்காரனான நான், "இன்னா மச்சி, கிடாரா இது, சாம்பாரா?" என்பேன். கட்டி முடித்ததும் அடியில் ஆணியால் உன் பெயரைக் கீறுவாய். அப்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தி.நகரில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஆள், "வெச்சுட்டுப் போப்பா, யாராவது கேட்டா பாக்கலாம்" என்று ஒன்றை வாங்கிவைத்தான். அடுத்த முறை போனபோது அது கறுப்புப் பெயின்ட்டும் ஆங்கில ஸ்டிக்கருமாகக் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருந்தது. எடுத்துத் திருப்பினேன். உன் பெயரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தான் பாவி. "உள்ளூர்ப் பேரு இருந்தா எவன் தொடுவான்?" என்று கூசாமல் கேட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். நீ என்னை வெளியே இழுத்துவந்து, "விடுடா, சத்தம் நன்னா வரதோல்லியோ, போறும்" என்றாய்.

எப்படிப் போதும்? அதற்குப் பிறகு நீ ஒரு டப்பாவிலும் பெயர் கீறவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் இத்தனை காலமாகியும் அந்த ஆள் மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உன் மேலும்தான்.

வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெளிந்தார். "இருக்கட்டும் சார், அந்த வாசனையை மட்டும் எடுத்துடுங்க. எல்லார்கிட்டயும் ஃபாரின்னு சொல்லிட்டேன்."

"அது போவாது சார்" என்றேன்.

உன் காரியம் முடிந்த அன்று உன் அம்மா என் கையில் கொடுத்த ஆணி என் கருவிப் பெட்டியில்தான் இருக்கிறது. பெடல் கொண்டுவந்தவரைக் கேட்கவில்லை. அவர் கண்ணெதிரிலேயே ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டு, அடியில் கடைக்காரன் தேய்த்த அதே இடத்தில், தகரம் பள்ளமாகும்படி அழுத்தி, உன் பெயரைக் கீறித்தான் கொடுத்தேன். இனி எவன் வேண்டுமானாலும் தேய்த்துப் பார்க்கட்டும்.