இருவர் போட்ட ஒரு கும்பிடு

மாப்ளே,

யாரும் நம்பமாட்டாத கதை ஒன்றை இன்று எழுதப்போகிறேன், பழனியாண்டவன் மேல் ஆணை. "புளுகாதலே" என்று குறுக்கே பேச நீயும் இல்லை. காலையில் எதிர்ச்சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். மைதாப் பசையும் மயில்துத்தமும் கலந்த அந்த வாடை, நீ சட்டசபைக்கு நின்ற தேர்தலுக்கே என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பட்டாளத்தில் நீ இடது கையை இழந்த வரலாற்றை அகரத்து மேடையில் நான்தான் முழங்கினேன். அந்தக் கை பர்மாக் காட்டில் தனியாக நின்று போரிட்டது, எதிரிப்படை அதற்குச் சலாம் வைத்துவிட்டே பின்வாங்கியது என்றேன். கூட்டம் கைதட்டியது. நீ மைக்கைப் பிடுங்கினாய்.

"லாரி கவுந்துச்சு. டாக்டர் வர நேரமாச்சு. கைய எடுத்துட்டாக. அம்புட்டுத்தேன்."

கைதட்டல் அப்படியே நின்றுபோனது. திரும்பும் வழியில் என்னைப் பிடித்துக்கொண்டாய். "நம்ம பக்கத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி வேணும்னு நிக்கிறேன்லே. எனக்குப் பாவம் பாத்து ஒருத்தனும் ஓட்டுப் போட வேணாம். இனிக் கைக்கதை எடுத்தா எங்கூட வராத."

அன்றிலிருந்து சட்டையின் காலிக் கையைத் துண்டு மூடியது. என் வாய்க்கும் பூட்டு.

எரியோட்டுச் சந்தையில் ஆள் ஆளுக்கு நீ வலக்கையால் சல்யூட் அடித்துக்கொண்டு போனாய். வெங்காயம் விற்ற அம்மாள் உன்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏய்யா, பிச்சைக்கு வாரவன்கூடக் கும்பிட்டுத்தேன் கேக்குறான். ஓட்டுக்கு வந்தவுகளுக்குக் கை கூடாதோ?"

சந்தையே சிரித்தது. நீ விளக்கமும் சொல்லவில்லை, துண்டையும் விலக்கவில்லை. வலக்கையை மெல்ல நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தாய். அது அங்கே துணையில்லாமல் நின்றது. பின்னால் நின்ற நான், உன் இடது தோளுக்கு அடியில் என் இடது கையை நீட்டி, உன் உள்ளங்கையோடு சேர்த்தேன். துண்டு நழுவி விழுந்தது.

சிரிப்பு அடங்கியது. அந்த அம்மாள் எழுந்து கைகூப்பினாள். "தெரியாமப் பேசிட்டேன், அப்பு."

"இது எனக்குக் கேக்குற கும்பிடு இல்லம்மா," என்றாய். "ஆஸ்பத்திரிக்கு."

நீ தோற்றாய். ஒரே ஓட்டில் என்று ஊரெல்லாம் பரப்பியிருக்கிறேன்; உண்மைக் கணக்கு நமக்குள் இருக்கட்டும். ஆஸ்பத்திரி வரவில்லை. போன மாசியில் உனக்கு நெஞ்சு வலித்தபோது, தக்காளி ஏற்றிய லாரியை மறித்துத்தான் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனோம். பாதி வழியில் உன் கை என் கைக்குள்ளேயே குளிர்ந்துபோனது.

இப்போது தெருவில் ஒரு வேட்பாளரின் ஜீப் போகிறது. பதிலுக்குக் கும்பிடப் பார்க்கிறேன். என் வலக்கை மடியிலேயே கிடக்கிறது. இடது கை மட்டும் எழுந்துபோய் உன்னைத் தேடுகிறது.

பர்மாவில் தனியே போரிட்ட கை, ஒரே ஓட்டுத் தோல்வி, எல்லாம் என் சரக்கு. எரியோட்டில் நாம் போட்ட கும்பிடு மட்டும் நடந்தது. என் அக்காள் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். மற்றதையெல்லாம் வாய் பிளந்து நம்பினார்கள். இதற்கு மட்டும், "போங்க மாமா, புளுகாதீக" என்கிறார்கள்.