வலமாகச் சுற்றிய விரல்

என் உயிரோடு ஒட்டிய அக்காவுக்கு,

கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் உன் சிற்றுண்டிக் கடை இன்னும் திறந்தே இருக்கிறது. இச்செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படி என்பதைப் பிறகு கேள்.

நீ கண்மூடிய மறுமாதமே கல்லாவருகே இருந்த தொடுதிரைக் கணினி செயலிழந்தது. வருபவர் வெளியே தோசைப் படத்தைத் தொட்டால், உள்ளே அடுப்பருகே உள்ள திரையிலும் தோசை தோன்றும். நீ படம் பிடிக்க, நான் அமைத்த அந்த ஏற்பாடு, எழுத்தறியாத உன் கணவருக்கு எவ்வளவு பெரிய துணை! அது நின்றபின், கிரிவலக் கூட்டத்தின் இரைச்சலில், பொங்கல் கேட்டவருக்குப் பூரி போயிற்று. அடுத்த பௌர்ணமிக்குள் கடையை வேறொருவருக்கு விட்டுவிடுவதென்று மாமா முடிவே செய்துவிட்டார்.

நான் விடுவேனா? பழுதான ஹார்ட் டிஸ்கை மாற்றி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். திரை படம் காட்டியதே தவிர, தொடுதலை உணரவில்லை. விற்றவரைக் கேட்டால், "அதுக்கெல்லாம் டிரைவர் வராதுங்க மேடம், புதுசு வாங்கிடுங்க" என்கிறார்.

மாமா விடுவாரா? "டிரைவர் இல்லாத வண்டியை இன்னாத்துக்கு வெச்சிக்கினு இருக்கே? எடைக்குப் போட்டுடு, இந்திரா."

திரையையும் கணினியையும் பேசவைக்கும் நிரல்தான் டிரைவர் என்று அவருக்கு விளக்க நான் முற்படவில்லை. ஆங்கிலக் கையேடுகளை அகராதியின் துணையோடு தனியே படித்துத் தேர்ந்தவள் நான். அந்த டிரைவரின் மூல நிரலை இணையத்தில் தேடி எடுத்தேன். அதைக் கணினி இயக்கக்கூடிய வடிவில் தொகுக்க முயன்றபோது பிழை. இயங்குதளத்தின் கருவான கெர்னலின் தலைப்புக் கோப்புகளை நிறுவ மறந்திருந்தேன். நிறுவினேன், மீண்டும் தொகுத்தேன். பிழையின்றி முடிந்தது. "அக்கா, வந்துடுச்சு!" என்று கூவிவிட்டேன். யாரை அழைத்தேன்?

ஆயினும், இட்லியைத் தொட்டால் வடை பதிவாயிற்று. வரையும் செயலியைத் திறந்து, "ஒரு வட்டம் போடுங்க மாமா" என்றேன். பழக்கத்தால் அவர் விரல் வலமாகச் சுற்றியது. திரையில் கோடு இடமாகச் சுற்றியது.

"இன்னாம்மா இது, உன் மிசினு மலையை அப்பிரதட்சணமா சுத்துது! பாவம்தான் சேரும்!" என்று சிரித்தார். நீ போனபிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

அந்தக் கேலியிலேயே விடை இருந்தது. கிடை, நெடு என்ற இரண்டு அச்சுகளும் புரண்டிருந்தால் வட்டத்தின் திசை மாறாது. ஒன்றுதான் புரண்டிருக்க வேண்டும். மேலும் கீழும் சரியாகவே இருந்தன, இடமும் வலமும் மாறியிருந்தன. அமைவுக் கோப்பில் அந்த ஓர் அச்சைத் திருப்பினேன். "இப்ப சுத்துங்க மாமா."

கோடு வலம் வந்தது.

மாமா தோசைப் படத்தைத் தொட்டுவிட்டு, அடுப்பருகே திரையில் அது தோன்றியதா என்று பார்க்க உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது என் முகத்தைப் பார்க்காமலே, "பௌர்ணமிக்கு மாவு ஜாஸ்தியா ஆட்டணும்" என்றார். கடையை விடும் பேச்சு அத்தோடு நின்றது.

கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இந்த டிரைவரை மறுபடியும் தொகுக்க வேண்டியிருக்கும். தொகுப்பேன், அக்கா. உன் கடையில் தோசை கேட்டவருக்குத் தோசையே கிடைக்கும்.

உனக்குப் பின் பிறந்தவள்,
இந்திரா