இடது மணிக்கட்டில் சிவப்பு லேஞ்சி

உள்ளதை உள்ளபடி எழுதப்போகிறேன். உங்களைப் புகழ்ந்து எழுதித் தரும்படிதான் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அது என்னால் முடியாது என்பதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இன்று காலை அம்மா சோற்றுப் பானையை இறக்கும்போது கையில் பிடித்திருந்த துணியைப் பார்த்தேன். புகையில் கறுத்து, ஓரம் கருகி, கஞ்சி மணத்தது. மடிப்புக்குள் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. அண்ணனின் இடது மணிக்கட்டில் நீங்கள் கட்டிவிட்ட லேஞ்சி, அந்தக் கைக்குட்டை. நீங்களே அதை அவிழ்த்து எறிந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. மண்ணிலிருந்து பொறுக்கி வந்தவள் நான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இறந்த முப்பத்தோராம் நாள் பூசை. உங்கள் அக்கா நினைவு மலர் அச்சிடுகிறார். அதில் நீங்கள் மனேஜராக இருந்த எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஒரு பக்கம். கழகச் செயலாளர் சூசை அண்ணை நேற்று பள்ளிக்கூட வாசலில் என்னை மறித்து, தான் எழுதிய தாளைத் தந்தார்.

"பிள்ளை, உனக்கு நல்ல தமிழ் வரும். இதைக் கொஞ்சம் திருத்தித் தா. நாளைண்டைக்குக் காலமை அச்சுக்கூடத்துக்குப் போகவேணும்."

வாசித்தேன். உங்கள் காலம் பொற்காலமாம். நீங்கள் எங்களுக்குத் தந்தை போன்றவராம். கடைசியில் இப்படி ஒரு வசனம்: "ஒரு வீரனின் கீழ்ப்படியாமையால் கைநழுவிய கிண்ணம் அன்னாரின் இதயத்தை உடைத்தது." அந்த வீரன் என் அண்ணன் மரியதாஸ். அதைத்தான் நான் நல்ல தமிழில் திருத்திக் கொடுக்கவேண்டும்.

கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த ஆடி மாதத்துக்குப் பிறகு நீங்கள் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினீர்கள். கையில் ஒரு சூட்கேஸ். பெரிய கம்பனி அணியில் ஆடியவர் என்று கேள்விப்பட்டதும் எங்கள் ஆட்கள் ஒரு கிழமைக்குள் உங்களை மனேஜர் ஆக்கினார்கள். வாசிகசாலையில் உங்களுக்குச் சோடாவும் கேக்கும் வைத்தார்கள். ஒரு மூலையில் புத்தகத்தோடு இருந்து நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

எங்கள் மைதானத்துக்கு வடக்கே கடல், தெற்கே கோயில் வளவு. வாடைக்காற்று கடலிலிருந்து வருவதால் அந்த ஓரம் எங்களுக்கு வாடைப் பக்கம். மற்றது, தெற்குக் காற்றின் பெயரில், சோளகப் பக்கம். அண்ணன் வாடைப் பக்கத்துக்காரன். இடைவேளைக்குப் பிறகு அணிகள் கோல் மாறினாலும் அவன் பக்கம் மாறமாட்டான். முதற் பாதியில் இடது ஓரத்தில் ஓடியவன் மறு பாதியில் வலது ஓரத்தில் ஓடுவான். அலை நனைத்து இறுகிய மணல் எது, கால் புதையும் மணல் எது என்று அவனுக்குத் தெரியும். சோளகப் பக்கத்தில் ஓடுகிறவனும் அப்படித்தான். எங்கள் ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகத் தெரிந்ததில்லை.

நீங்கள் முதல் நாள் இதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"உலகத்திலை எங்கையடா இப்பிடி ஒரு விளையாட்டு? லெஃப்ட் விங் எண்டால் கடைசிமட்டும் லெஃப்ட் விங்தான்!"

மறுநாள் ஒரு கட்டுச் சிவப்பு லேஞ்சியோடு வந்தீர்கள். இடம் வலம் பழகும்வரை எல்லோரும் அதை இடது மணிக்கட்டில் கட்டவேண்டும் என்றீர்கள். நட்சத்திரம் பார்த்து வள்ளத்தைக் கரை சேர்க்கிறவர்கள், பிள்ளை குட்டிக்காரர், பாலர் வகுப்புப் போலக் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஓரத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பேதுரு அம்மானுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் தம்பி, சிலுவை போடுற கை எது எண்டு எங்கடை பெடியளுக்குத் தெரியாதெண்டோ நினைச்சீர்?"

மைதானமே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

"கடல் எல்லா மைதானத்துக்கும் கூட வராது, அம்மான்," என்றீர்கள்.

அந்த வசனத்துக்காகத்தான் உங்களை முதலில் வெறுத்தேன். அது சரியாக இருந்ததால் இன்னும் கூடுதலாக வெறுத்தேன். எங்கள் மணலில் நாங்கள் யாரையும் வென்றோம், கடலில்லாத ஊருக்குப் போனால் யாரிடமும் தோற்றோம் என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் நீங்கள் வந்த பிறகு எங்கள் மணலிலும் தோற்றோம். பின்னேரப் பயிற்சிக்கு வராதவனுக்கு இடமில்லை என்றீர்கள். அது வள்ளம் இறக்கும் நேரம் என்று அண்ணன் சொன்னதற்கு, "அது உன்ரை பிரச்சினை," என்று முகத்தைத் திருப்பினீர்கள். அண்ணன் இரண்டு மாதம் தொழிலுக்குப் போகாமல் பயிற்சிக்கு வந்தான். அம்மா இடியப்பம் அவித்து விற்றார். அது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்கவுமில்லை. ஒருநாள் வாசிகசாலைச் சுவரில் யாரோ கரியால் எழுதினார்கள்: "கப்பலில் வந்தவரே, கப்பலிலேயே போம்." எழுதியது நானில்லை. ஆனால் அதில் இருந்த ஒரு பிழையைத் திருத்திவிட்டது நான்தான். எல்லாவற்றையும் எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா?

எப்படியோ ஒரு இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். சுன்னாகத்துக்கு அப்பால், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு செம்மண் மைதானம். லொறியில் ஏறியவர்களை நிமிர்ந்து பார்த்து நீங்கள் சொன்னீர்கள்:

"கரையிலை நிண்டு வாடை, சோளகம் எண்டு ஆரும் கத்தக்கூடாது. கத்திற ஆக்கள் இப்பவே இறங்குங்கோ."

யாரும் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

முதற் பாதியில் அண்ணன் நாங்கள் நின்ற வடக்கு ஓரமாகவே ஓடினான். சிவப்பு லேஞ்சி கண் முன்னால் போய்ப் போய் வந்தது. அவன் உயர்த்திக் கொடுத்த பந்தில்தான் எங்களுக்கு ஒரு கோல் கிடைத்தது. மறு பாதியில் இடது ஓரம் எங்களுக்கு எதிர்ப் புறமாகிவிட்டது. நீங்கள் சொன்னபடியே அவன் அங்கே போனான். நீங்களும் அந்தப் பக்கம்தான் நின்றீர்கள். வெகுநேரம் அவனுக்குப் பந்தே வரவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக நின்றான். எங்கள் ஆட்கள் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாயை மூடி நின்றதால் மைதானம் அமைதியாக இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணை! வாடைக்கு வா!"

அவன் யோசிக்கவில்லை. கால்தான் வந்தது. மைதானத்தைக் குறுக்கே கடந்து எங்கள் பக்கம் வந்துவிட்டான். அங்கே எங்கள் வலது ஓரக்காரனும் நின்றான். அண்ணன் விட்டுவந்த வெறும் பக்கத்தால் எதிரணி ஓடி ஒரு கோல் போட்டது. அந்தக் குழப்பம் தீருமுன் இன்னொன்று. ஆட்டம் முடிந்துவிட்டது.

லொறியடியில் நீங்கள் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து லேஞ்சியை அவிழ்த்து மண்ணில் எறிந்தீர்கள்.

"உனக்கு வள்ளந்தான் சரி. உனக்கெல்லாம் என்னத்துக்குப் பந்து?"

அவ்வளவு பேருக்கும் முன்னால். அண்ணன் என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு, "ஓம் சேர், பழக்கத்திலை கால் அந்தப் பக்கம் போட்டுது," என்றான். நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவில்லை. இப்போது வள்ளத்துக்குப் போகிறான், பருத்தித்துறைச் சந்தையில் மீன் விற்கிறான். நீங்கள் சொன்னபடியே.

அன்றைக்கு எங்கள் ஆட்கள் அவனைத் திட்டவில்லை. உங்களைத்தான் திட்டினார்கள். உங்கள் வெள்ளைச் சட்டையில் செம்மண் எறிந்தார்கள். அடுத்த கிழமை கழகப் பூட்டின் திறப்பைச் சூசை அண்ணையிடம் கொடுத்துவிட்டு, தெல்லிப்பழையில் உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். இப்போது நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்றதும் பழியைத் தூக்கி என் அண்ணன் தலையில் வைக்கிறார்கள்.

இன்று பின்னேரம் தாளோடு வாசிகசாலைக்கு வந்தேன். அடுத்த மனேஜர் யார் என்று கூட்டம்.

"இனி வாறவன் கடற்கரையிலை பிறந்தவனா இருக்கவேணும்," என்றார் பேதுரு அம்மான்.

"அப்ப உங்களைத்தான் போடவேணும்," என்றான் ஒரு பெடியன்.

"எனக்குக் கால் வீக்கமடா."

"மனேஜருக்குக் கால் என்னத்துக்கு? வாய் மட்டும் காணும்!"

சிரிப்பு அடங்கியதும் சூசை அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, அண்டைக்குக் கத்தினது நான்."

அவர் நிமிரவில்லை. "தெரியும், பிள்ளை."

"ஆருக்குத் தெரியும்?"

"லொறியிலை வந்த எல்லாருக்கும். பெட்டைக் குரல் ஒண்டுதானே கேட்டது. ஒருத்தரும் கதைக்கக்கூடாது, அவள் படிக்கிற பிள்ளை எண்டு உன்ரை கொண்ணை மரியதாஸ்தான் எங்கடை கையைப் பிடிச்சவன்."

"மனேஜருக்கு?"

"அந்தாள் மற்றப் பக்கமெல்லோ நிண்டது. பிறகு அந்தாளோடை ஆர் கதைச்சது?"

பேனையை எடுத்து அந்த வசனத்தை வெட்டினேன். அதன் கீழே, "இறுதிப் போட்டியில் கரையிலிருந்து கத்தி ஆட்டத்தைக் குழப்பியவள் நான்," என்று எழுதினேன். சூசை அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நினைவு மலரிலை இப்பிடிப் போடுறேல்லை, பிள்ளை."

"அப்ப பக்கத்தை வெறுமையா விடுங்கோ."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை இன்னொருதரம் வாசித்தார். பிறகு, "உன்ரை பேரும் போடவோ?" என்று கேட்டார்.

"ஓம். போடுங்கோ."

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பொற்காலமும் தந்தையும் அதில் அப்படியே இருக்கின்றன. அவற்றோடு நான் மினக்கெடவில்லை.

ஆக, ஊர் முழுவதற்கும் தெரிந்த ஒன்று தெரியாமல் செத்தது நீங்கள் ஒருவர்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதாக நினைக்கவேண்டாம். யார் கத்தியது என்று நீங்கள் ஒருதரம் திரும்பிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதுகிறேன்.

லேஞ்சி அம்மாவிடமே இருக்கட்டும், பானை இறக்க உதவும். என்னிடம் இருப்பவை உங்கள் இரண்டு வசனங்கள். கடல் கூட வராது என்றது சரி. அண்ணனுக்குச் சொன்னதை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஏழு மணியாகிவிட்டது, வாசிகசாலை பூட்டும் நேரம். மனேஜர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. அண்ணன் இன்று வள்ளத்துக்குப் போகவில்லை, என்னைக் கூட்டிப்போக வந்து வாசலில் சைக்கிளோடு நிற்கிறான். உள்ளே வரவில்லை. விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள்.